ஓடுதளம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு: அமெரிக்கக் கதவும் அதன் தாழ்ப்பாள்களும்

கல்வியும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற எண்ணம் எமது சமூகங்களில் நீண்டகாலமாக வேரூன்றியிருக்கின்றது. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் பிள்ளை பெற்ற கிண்ணத்தை அலுமாரியில் வைத்துப் பெருமைப்படும் பெற்றோரே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் 'இனி ஓடியது போதும்' என்று மைதானத்துக்குச் செல்வதைத் தடுத்துவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஓட்டம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கான தெளிவான பாதை எதுவும் அவர்களது கண்ணுக்குத் தென்படுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறுவிதமாக உள்ளது. அங்கு ஓர் உயர்நிலைப் பாடசாலை மாணவன் 400 மீற்றர் தூரத்தை எத்தனை செக்கன்களில் ஓடுகின்றான் என்பது, அவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பான், அதற்கு எவ்வளவு பணம் செலுத்துவான் என்பவற்றைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாக இருக்கின்றது. எமது வாசகர்களுள் பலருடைய உறவினரின் பிள்ளைகள் இன்று வட அமெரிக்கப் பாடசாலைகளில் கற்கின்றனர். இங்கிருந்தே அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடும் எண்ணமுடைய இளம் வீரர், வீராங்கனைகளும் உள்ளனர். அந்தத் தெரிவு முறை எவ்வாறு இயங்குகின்றது, அண்மைக்காலத்தில் அதில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள் யாரை உள்ளே விடுகின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தப் பாதை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 ஆம் ஆண்டு மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கையின் சார்பில் உயரம் பாய்தலில் பங்குபற்றினார். பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்றதுடன் அதன் மெய்வல்லுநர் அணியிலும் இடம்பெற்றார். 1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழா வரலாற்றில் இலங்கைக்கான முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ச்சலும் படிப்பும் ஒரே மனிதரில் இணைந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

தொடக்கத்தில் எல்லாம் இலவசமாக இருக்கவில்லை

இன்றைய புலமைப்பரிசில் முறை தொடக்கம் முதலே இருந்ததன்று. 1935 ஆம் ஆண்டு ஆன் ஆபர் நகரில் நடைபெற்ற போட்டியொன்றில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்து, நான்காவதைச் சமப்படுத்திய ஜெஸி ஓவன்ஸ், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்ற காலத்தில் விளையாட்டுப் புலமைப்பரிசில் எதனையும் பெற்றிருக்கவில்லை. பகுதிநேர வேலைகளைச் செய்தே தமது செலவுகளை அவர் ஈடுசெய்தார். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற வில்மா ருடோல்ஃப், பாடசாலை மாணவியாக இருந்தபோதே டெனஸி மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் எட் டெம்பிளின் பார்வையில் பட்டவர். அவருடைய அணியைச் சேர்ந்த பெண்களும் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்தே கற்றனர்.

கல்வியில் பால்நிலைப் பாரபட்சத்தைத் தடைசெய்யும் 'ஒன்பதாம் தலைப்பு' எனப்படும் கூட்டாட்சிச் சட்டம் 1972 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னரே பெண்களுக்கான விளையாட்டுப் புலமைப்பரிசில்கள் பரவலாகின. இன்று பெண் பிள்ளைகளுக்கு இத்துறையில் கிடைக்கும் வாய்ப்புகள் அரை நூற்றாண்டுக்கு முன்னர் நினைத்தும் பார்க்க முடியாதவை.

அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் மெய்வல்லுநர் போட்டிகளில் பங்குபற்றுகின்றனர். அவர்களுள் பல்கலைக்கழக அணிகளில் இடம்பெறுவோர் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் மட்டுமே. முதலாந்தரப் பிரிவு அணிகளில் இடம்பெறுவோர் அதிலும் ஏறத்தாழ அரைவாசியினர். ஆகவே இது பலரும் முட்டி மோதும் குறுகிய வாசல் என்பதை முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

அணிகளின் படிநிலைகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் பெரும்பகுதியை என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் நிர்வகிக்கின்றது. 1906 ஆம் ஆண்டு தோற்றம்பெற்ற இந்த அமைப்பில் ஏறத்தாழ 1,100 கல்வி நிறுவனங்கள் அங்கம் வகிக்கின்றன. 1973 ஆம் ஆண்டு முதல் இவை மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதலாம் பிரிவில் பெரும் நிதிவளமுடைய பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. இரண்டாம் பிரிவிலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் உண்டு. எனினும் தொகை குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென எந்தப் புலமைப்பரிசிலும் வழங்கப்படுவதில்லை. ஆயினும் அப்பிரிவுக் கல்லூரிகள் பல, கல்வித் திறமைக்கும் குடும்பத்தின் பொருளாதாரத் தேவைக்கும் ஏற்பத் தாராளமாக உதவுகின்றன.

இந்தச் சங்கத்துக்கு வெளியே, சிறிய கல்லூரிகள் பலவற்றை உள்ளடக்கிய என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பும், ஈராண்டுக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற அமைப்பும் உள்ளன. பாடசாலைப் பெறுபேறுகள் போதாத மாணவர்கள் ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து, கல்வியிலும் ஓட்டத்திலும் தம்மை மேம்படுத்திக்கொண்டு, பின்னர் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வது அங்கு வழமையானது.

ஹார்வர்ட், யேல், பிறின்ஸ்டன் முதலான எட்டுப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஐவி லீக், முதலாம் பிரிவைச் சேர்ந்ததாயினும் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. அங்கு பயிற்றுநரின் ஆதரவு அனுமதி பெறுவதற்குத் துணைநிற்கும். பண உதவி குடும்ப வருமானத்தின் அடிப்படையிலேயே கிடைக்கும். 'புலமைப்பரிசில் இல்லை' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் அந்தக் கதவை மூடிவிடுவது தவறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பயிற்றுநர் எதனைப் பார்க்கின்றார்?

உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் போன்றவற்றில் ஒரு வீரரின் தரத்தை மதிப்பிடுவதில் பார்ப்பவரின் அபிப்பிராயத்துக்குப் பெரும் பங்குண்டு. மெய்வல்லுநர் துறையில் கடிகாரமும் அளவுநாடாவும் பேசுகின்றன. பயிற்றுநர் கேட்கும் கேள்வி எளிமையானது: 'இந்தப் பெறுபேற்றுடன் இம்மாணவர் எமது பிராந்திய லீக் சம்பியன்ஷிப் போட்டியில் புள்ளி பெறுவாரா?' பெரும்பாலான லீக் போட்டிகளில் முதல் எட்டு இடங்களுக்கு முறையே 10, 8, 6, 5, 4, 3, 2, 1 எனப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. கடந்த ஆண்டு அந்தப் போட்டியில் எட்டாம் இடம் பெற்றவரின் நேரத்தை எடுத்துப் பார்த்தால், அந்தப் பல்கலைக்கழகம் எத்தகைய வீரரைத் தேடுகின்றது என்பதை மாணவரே கணித்துவிடலாம். இப்பெறுபேறுகள் யாவும் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்படுகின்றன.

ஆயினும் எண்களை ஒப்பிடும்போது அவதானம் தேவை. கைக்கடிகாரத்தால் கணிக்கப்பட்ட நேரத்தையும் மின்னியல் கருவியால் கணிக்கப்பட்ட நேரத்தையும் சமமாகக் கொள்வதில்லை. 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களில் கைக்கணிப்பு நேரத்துடன் 0.24 செக்கன் கூட்டப்படுவது வழக்கம். அதன்படி, கைக்கணிப்பில் 10.8 செக்கன் என்பது 11.04 செக்கனாகவே கருதப்படும். செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்காற்று வீசியிருந்தால் அப்பெறுபேறு சாதனையாக ஏற்கப்படாது. எமது பாடசாலை, வலயமட்டப் போட்டிகளில் பெற்ற நேரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவோர் இந்த நுணுக்கங்களை அறிந்திருத்தல் அவசியம்.

மேலும், பாடசாலையில் பயன்படுத்தும் உபகரணமும் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்தும் உபகரணமும் எப்போதும் ஒன்றல்ல. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை ஆண்கள் 12 இறாத்தல் நிறையுடைய குண்டை எறிகின்றனர். பல்கலைக்கழகத்தில் அது 16 இறாத்தல், அதாவது 7.26 கிலோ கிராம். பாடசாலையில் 1.6 கிலோ கிராமாக இருக்கும் ஆண்களுக்கான தட்டு, பல்கலைக்கழகத்தில் 2 கிலோ கிராம். 110 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தின் தடை 39 அங்குலத்திலிருந்து 42 அங்குலமாக உயர்கின்றது. பெண்களுக்கு இம்மாற்றங்கள் இல்லை. குண்டும் தட்டும் தடையின் உயரமும் ஒரே அளவாகவே தொடர்கின்றன. அங்குள்ள பாடசாலைகள் பெரும்பாலும் 300 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை நடத்த, பல்கலைக்கழகங்கள் 400 மீற்றரை நடத்துகின்றன. எனவே ஒரு மாணவனின் இன்றைய பெறுபேறு மட்டுமன்றி, அவனது உடல்வாகு, நுட்பம், ஆண்டுக்காண்டு அவன் கண்டுள்ள முன்னேற்றம் ஆகியவற்றையும் பயிற்றுநர்கள் கருத்திற்கொள்கின்றனர். ஒன்பதாம் வகுப்பில் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டவரைவிட, மூன்று ஆண்டுகளாகப் படிப்படியாக முன்னேறி வந்தவரை விரும்பும் பயிற்றுநர்கள் பலர்.

காற்சட்டைப் பையில் கடிகாரம், கையில் புத்தகம்

வேகம் மட்டும் போதாது. முதலாம், இரண்டாம் பிரிவுகளில் போட்டியிட விரும்பும் மாணவர் யாவரும், வெளிநாட்டவர் உட்பட, என்.சி.ஏ.ஏ. தகுதி நிலையத்தில் பதிவுசெய்து கல்வித் தகுதியை நிரூபிக்க வேண்டும். உயர்நிலைப் பாடசாலையில் 16 அடிப்படைப் பாடத் தொகுதிகளைப் பூர்த்திசெய்திருக்க வேண்டும். முதலாம் பிரிவைப் பொறுத்தவரை, அவற்றுள் நான்கு ஆண்டுகள் ஆங்கிலம், மூன்று ஆண்டுகள் கணிதம், இரண்டு ஆண்டுகள் விஞ்ஞானம் ஆகியன அடங்கும். இப்பாடங்களில் பெறும் சராசரிப் புள்ளி, நான்கு என்ற அளவுகோலில், முதலாம் பிரிவுக்கு 2.3 ஆகவும் இரண்டாம் பிரிவுக்கு 2.2 ஆகவும் இருத்தல் வேண்டும். முதலாம் பிரிவைப் பொறுத்தவரை, 16 பாடத் தொகுதிகளுள் 10 இறுதியாண்டு தொடங்குவதற்கு முன்னரே முடிக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசி ஆண்டில் விழித்தெழுந்து ஈடுசெய்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த விதி இடம்வைப்பதில்லை.

எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. ஆகிய பொதுப் பரீட்சைகளின் பெறுபேற்றைக் கோரும் விதியை என்.சி.ஏ.ஏ. 2023 ஜனவரியில் கைவிட்டது. எனினும் குறித்த பல்கலைக்கழகமே தனது அனுமதிக்காக அவற்றைக் கோரக்கூடும். மேலே கூறியவை ஆகக் குறைந்த எல்லைகள் மாத்திரமே. பெறுபேறு உயர்ந்த மாணவருக்குக் கல்விப் புலமைப்பரிசிலையும் சேர்த்து வழங்க முடியும் என்பதால், சமமான வேகமுடைய இருவருள் சிறப்பாகக் கற்பவரையே பயிற்றுநர் நாடுவார். அணியின் வரவுசெலவில் அவருக்கு அது இலாபம்.

எப்போது, எவ்வாறு தொடர்புகொள்வது?

முதலாம் பிரிவு மெய்வல்லுநர் பயிற்றுநர்கள், பத்தாம் வகுப்பு முடியும் ஆண்டின் ஜூன் 15 ஆம் திகதிக்கு முன்னர் மாணவருடன் தெரிவு தொடர்பாக நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாது. அதன் பின்னரே தொலைபேசி அழைப்பு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கு அனுமதியுண்டு. அதையடுத்து வரும் ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து, பல்கலைக்கழகத்தின் செலவில் மாணவரை அழைத்துச் சென்று வளாகத்தைக் காட்டும் உத்தியோகபூர்வ விஜயங்களை மேற்கொள்ளலாம்.

இந்த விதி பயிற்றுநரைக் கட்டுப்படுத்துகின்றதேயன்றி மாணவரைக் கட்டுப்படுத்துவதில்லை. மாணவர் எப்போதும் தாமாகவே எழுதலாம், எழுதவும் வேண்டும். தேசிய மட்டத்தில் பெயர்பெற்ற ஒரு சிலரைத் தவிர, ஏனையோரைத் தேடி எவரும் வருவதில்லை. போட்டியிடும் நிகழ்ச்சி, பெற்ற நேரம் அல்லது தூரம், அது பெறப்பட்ட போட்டி, கல்விப் பெறுபேறு, அடுத்துப் பங்குபற்றவுள்ள போட்டிகள், பாடசாலைப் பயிற்றுநரின் தொடர்பு விபரம் ஆகியவற்றைக் கொண்ட சுருக்கமான மின்னஞ்சல் போதுமானது. பாய்தல், எறிதல் நிகழ்ச்சிகளுக்கு ஒரு சிறிய ஒளிப்பதிவு மேலும் உதவும். பல்கலைக்கழக இணையத்தளங்களில் இதற்கான வினாக்கொத்துகளும் உள்ளன. பெற்றோர் எழுதும் கடிதத்தைவிட மாணவர் தாமே எழுதும் கடிதத்தையே பயிற்றுநர்கள் மதிக்கின்றனர்.

பதினோராம் வகுப்பின் வசந்தகாலப் போட்டிகளே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இறுதியாண்டின் நவம்பர் மாதத்திலேயே பலர் ஒப்பமிட்டுவிடுவதால், அதற்கடுத்த வசந்தத்தில் பெறும் சிறந்த நேரம் காலங்கடந்ததாகிவிடக்கூடும். 'உனக்கு ஓர் இடம் உண்டு' என்று பயிற்றுநர் வாயால் கூறுவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. எழுத்து மூலமான நிதியுதவி ஒப்பந்தமே பெறுமதியுடையது. பல தசாப்தங்களாக வழக்கிலிருந்த தேசிய விருப்பக் கடிதம் என்ற ஆவணம் 2024 ஒக்டோபரில் நீக்கப்பட்டு, அதன் இடத்தை இந்த ஒப்பந்தங்களே பிடித்துள்ளன.

முழுப் புலமைப்பரிசில் என்ற மயக்கம்

'ஓடினால் எல்லாம் இலவசம்' என்ற எண்ணமே இத்துறையில் பரவியுள்ள மிகப் பெரிய தவறான நம்பிக்கையாகும். அண்மைக்காலம் வரை முதலாம் பிரிவில் ஆண்களுக்கான மெய்வல்லுநர் அணியொன்று, குரொஸ் கண்ட்ரி ஓட்டக்காரர்களையும் சேர்த்து, 12.6 முழுப் புலமைப்பரிசில்களுக்குச் சமமான தொகையை மாத்திரமே வழங்க முடிந்தது. பெண்கள் அணிக்கு அது 18 ஆக இருந்தது. பன்னிரண்டரைப் பாகத்தை முப்பது நாற்பது பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூல்களுக்கான பணம் மட்டும் பெற்றவர்களும் இருந்தனர். எதுவுமே பெறாமல் தாமாக முன்வந்து அணியில் சேர்ந்து ஓடியவர்களும் இருந்தனர். அமெரிக்கக் காற்பந்தாட்ட அணியொன்றுக்கு 85 முழுப் புலமைப்பரிசில்கள் அனுமதிக்கப்பட்டிருந்த அதே காலத்தில்தான் இந்த நிலைமை நிலவியது.

2025 ஜூன் 6 ஆம் திகதி, 'ஹவுஸ் எதிர் என்.சி.ஏ.ஏ.' என்ற வழக்கின் இணக்கத் தீர்வுக்கு நீதிபதி குளோடியா வில்கன் இறுதி அங்கீகாரம் அளித்தமை இந்த அமைப்பையே புரட்டிப் போட்டது. அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதியிலிருந்து, தீர்வை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்கள் தமது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் செலுத்தலாம். புலமைப்பரிசில்களின் எண்ணிக்கைக்கான எல்லையும் அவற்றுக்கு நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக அணியின் ஆட்தொகைக்கு எல்லை விதிக்கப்பட்டது. மெய்வல்லுநர் அணிக்கு ஆண்கள் 45, பெண்கள் 45; குரொஸ் கண்ட்ரி அணிக்கு 17 என்பதே புதிய வரம்பாகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல செய்தி. நாற்பத்தைந்து பேருக்கும் முழுப் புலமைப்பரிசில் கொடுக்கலாம் அல்லவா? கொடுக்கலாம், ஆனால் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீரர்களுக்கான நேரடிக் கொடுப்பனவின் பெரும்பகுதி, வருமானம் ஈட்டும் அமெரிக்கக் காற்பந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்குமே செல்கின்றது. அதற்கான பணத்தை வேறெங்கோ வெட்டியெடுக்க வேண்டியுள்ளது. வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2025 ஆம் ஆண்டு தனது பாய்தல், எறிதல் நிகழ்ச்சிகளைக் கைவிட்டு நெடுந்தூர ஓட்டத்தில் மட்டும் கவனஞ்செலுத்தப் போவதாக அறிவித்தது இதன் அறிகுறியாகும். முன்னதாக 2020 ஆம் ஆண்டு கிளெம்சன் பல்கலைக்கழகம் தனது ஆண்கள் மெய்வல்லுநர் அணியைக் கலைப்பதாக அறிவித்து, எதிர்ப்புகளின் பின்னர் 2021 இல் அம்முடிவை மீளப்பெற்றமையும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆட்தொகை வரம்பினால் அதிகம் பாதிக்கப்படுவோர் முன்னணி வீரர்கள் அல்லர். மெல்ல வளரும் மாணவர்களே பாதிக்கப்படுகின்றனர். முன்னர் அறுபது பேர் கொண்ட அணியில் ஐம்பத்தைந்தாவது ஆளாகச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் சம்பியனாக உயர்ந்த மாணவருக்கு இன்று அந்த ஐம்பத்தைந்தாவது இடமே இல்லை. இவ்விடயத்தை முன்னிட்டே நீதிபதி வில்கன் 2025 ஏப்ரலில் தீர்வை உடனடியாக அங்கீகரிக்க மறுத்தார். இடமிழந்த அல்லது இழக்கவிருந்த மாணவர்களை வரம்புக்குட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு இடமளிக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்ட பின்னரே ஒப்புதல் கிடைத்தது. அந்த ஏற்பாடு அப்போதிருந்த மாணவர்களுக்கானதே தவிர, இனி வரப்போகும் தலைமுறைக்கானதன்று.

இதனுடன் இடமாற்ற விதிகளும் சேர்ந்துகொண்டன. 2018 ஒக்டோபரில் இடமாற்றப் பதிவேடு அறிமுகமானது. 2024 ஏப்ரலில், கல்வித் தகுதியைப் பேணும் மாணவர் எத்தனை தடவைகள் பல்கலைக்கழகம் மாறினாலும் உடனடியாகப் போட்டியிடலாம் என விதி தளர்த்தப்பட்டது. பதினேழு வயது மாணவனைச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதைவிட, வேறொரு பல்கலைக்கழகத்தில் தன்னை நிரூபித்துவிட்ட இருபத்தொரு வயது வீரரை அழைப்பது பயிற்றுநருக்கு இலகுவாகியுள்ளது. பாடசாலையிலிருந்து வருவோரின் வாசல் இவ்வாறு இருபுறமும் நெருக்கப்படுகின்றது.

எல்லோருக்கும் ஒரே தொடக்கக் கோடா?

கடிகாரம் சாதி, மதம், நிறம் பார்ப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் கடிகாரத்தின் முன் வந்து நிற்பதற்கான வசதி எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. நல்ல ஓடுதளம், தகுதியான பயிற்றுநர், பெரிய போட்டிகளுக்குப் பயணஞ் செய்யப் பணம், விதிகளை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் என்பன வசதியுள்ள குடும்பங்களுக்கே எளிதில் வாய்க்கின்றன. 2019 மார்ச்சில் அம்பலமான 'வார்சிட்டி புளூஸ்' மோசடியில், செல்வந்தப் பெற்றோர் சிலர் தமது பிள்ளைகளை இல்லாத விளையாட்டு வீரர்களாகச் சித்திரித்து, பயிற்றுநர்களுக்கு இலஞ்சம் வழங்கிப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் அனுமதி பெற்றிருந்தமை நீதிமன்றில் நிரூபணமாயிற்று. திறமைக்கென ஒதுக்கப்பட்ட வாசலைப் பணம் எவ்வாறு களவாடுகின்றது என்பதற்கு அது உதாரணம்.

முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வொன்றும் உண்டு. 2019 ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில், பாடசாலைகளுக்கிடையிலான குரொஸ் கண்ட்ரி போட்டியொன்றில் ஓடி முடித்த முஸ்லிம் மாணவியொருவர், ஹிஜாப் அணிவதற்கான முன்னனுமதிக் கடிதம் பெறப்படவில்லை என்ற காரணத்தால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அம்மாணவி அதனை மௌனமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் விளைவாக, மத ரீதியான ஆடைக்கு முன்னனுமதி கோருவதைத் தடைசெய்யும் சட்டம் 2022 இல் அம்மாநிலத்தில் நிறைவேற்றப்பட்டது. நம்பிக்கையையும் ஓட்டத்தையும் ஒன்றாகக் கொண்டு செல்ல விரும்பும் எமது பெண் பிள்ளைகளுக்கு இது ஊக்கமளிக்கும் முன்னுதாரணம் என்றே கொள்ள வேண்டும்.

இங்கிருந்து செல்ல விரும்புவோருக்குச் சில விசேட சிக்கல்கள் உள்ளன. மாணவர் விசாவுக்கான ஆவணத்தைப் பெறுவதற்கு, முதலாண்டுச் செலவை ஈடுசெய்யும் நிதியைக் காட்ட வேண்டும். எனவே அரைப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன்னர் மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சிந்திக்க வேண்டும். 2021 ஜூலை முதல் அமெரிக்க மாணவ வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தி வருமானம் ஈட்டலாம். ஆனால் மாணவர் விசாவில் இருப்போர் தொழில் செய்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளதால் அந்த வருமானத்தை அவர்கள் நம்பியிருக்க முடியாது. உயர்தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் காத்திருந்து ஆண்டுகளைக் கழிப்பது போட்டியிடும் தகுதிக்காலத்தைக் குறைக்கக்கூடும் என்பதும் கவனத்திற்குரியது. 'பெருந்தொகை தாருங்கள், புலமைப்பரிசில் பெற்றுத் தருகின்றோம்' என்று வரும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மாணவரே எழுதும் நேர்மையான மின்னஞ்சல் செய்யும் வேலையைத்தான் அவர்கள் பணம் பெற்றுக்கொண்டு செய்கின்றனர்.

ஒப்பமிடுவதற்கு முன்னர் பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உள்ளன. உதவித்தொகை ஓராண்டுக்கா, பட்டம் முடியும்வரைக்குமா? காயமுற்றால் என்னவாகும்? இந்தப் பல்கலைக்கழகம் புதிய ஆட்தொகை வரம்புக்கு உட்பட்டதா? நான் போட்டியிடும் நிகழ்ச்சி நான்கு ஆண்டுகளுக்கும் தொடருமா? அணியில் உள்ளோரில் எத்தனை பேர் பட்டம் பெறுகின்றனர்? இவற்றுக்குத் தெளிவாகப் பதிலளிக்கத் தயங்கும் இடத்தை விட்டு விலகுவதே நன்று. பயிற்றுநர் நாளை வேறிடம் சென்றுவிடலாம்; பட்டம் மாணவருடனேயே இருக்கும். 'ஓட முடியாத நிலை வந்தாலும் இங்கு கற்க விரும்புவேனா?' என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இவை எல்லாவற்றிலும் முதன்மையானது.

அமெரிக்க முறையை அப்படியே வியந்து போற்றுவது எமது நோக்கமன்று. பணத்தின் பிடி அதில் நாளுக்கு நாள் இறுகி வருவதை மேலே கண்டோம். எனினும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க நல்லம்சம் ஒன்றுண்டு. விளையாடும் பிள்ளை கற்கவும் வேண்டும் என அந்த முறை விதிமூலம் கட்டாயப்படுத்துகின்றது. கற்கும் பிள்ளை விளையாடுவதை அது தண்டனைக்குரியதாகக் கருதுவதில்லை. எமது நாட்டிலும் விளையாட்டு முதலான துறைகளில் விசேட திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. ஆனால் அதனை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளுக்கு மின்னியல் நேரக்கணிப்புக் கருவியுடன் கூடிய போட்டிகள் ஆண்டுக்கு எத்தனை கிடைக்கின்றன?

பாடசாலைகள் தமது போட்டிப் பெறுபேறுகளை ஒழுங்காகப் பதிந்து பேணுவதும், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத மாணவருக்கு உதவுவதும் பெரும் பணச் செலவை வேண்டுவன அல்ல. பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங்களுக்கும் நுழைவாயில் வளைவுகளுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நேரக்கணிப்புக் கருவிக்கும், திறமையுள்ள பிள்ளைகளின் போட்டிப் பயணங்களுக்கும் ஒதுக்கினால் அது பயனுள்ள முதலீடாக அமையும். புலம்பெயர்ந்து வாழும் பெற்றோரும், பிள்ளையின் வேகத்தை மட்டும் பார்த்துப் பெருங்கனவு காண்பதையோ, படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சித் தடுப்பதையோ விடுத்து, விதிகளை அறிந்து பத்தாம் வகுப்பிலேயே திட்டமிடுவது நன்று. அரைச் செக்கன் வேகத்துக்காகப் பல ஆண்டுகள் உழைக்கும் பிள்ளை, தகவல் அறியாமையால் ஓராண்டை இழக்க நேர்வது எந்த வகையிலும் நியாயமன்று. அந்த இழப்பைத் தவிர்க்கும் பொறுப்பு பிள்ளைகளைச் சுற்றியுள்ள பெரியவர்களான எம் அனைவரையுமே சாரும்.